போலீஸ்காரர் கழுத்தில் அப்பா கை வைத்த கதை

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற குட்டி முதலாளியும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எந்நேரமும் என் நினைப்பு. நேற்று போனில் "முடிஞ்சிடுச்சு, பயப்படாதே" என்பதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை, நீயும் அழுதாய், பிறகு லைன் போய்விட்டது. அதனால் எல்லாவற்றையும் ஆதியோடந்தமாக எழுதுகிறேன். கதைப் புத்தகத்தையே கடைசிப் பக்கத்திலிருந்து பிடிக்கிற ஆள் நீ, இதையாவது மேலிருந்து படி.

அன்றைக்கு நல்ல மழை, அப்பாவின் சலூனில் ஆளே இல்லை. மழைக்கோட்டு போட்ட ஒருவர் உள்ளே வந்து நேராகச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிவிட்டார். அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, அந்த நாற்காலியில் உட்கார்ந்தவரை யார் எவர் என்று கேட்கிற பழக்கம் கிடையாது, கை தானாகப் போய்விடும். மூக்குக்கண்ணாடி வேறு நெற்றியில் ஏறிக் கிடந்தது. தோளை நாலு அமுக்கு அமுக்கி, பின்மண்டையில் இரண்டு தட்டு தட்டி, தாடையைப் பிடித்துக் கழுத்தை இடப்பக்கம் ஒரே சொடுக்கு. எல்லாரும் ஆகா என்பார்கள், இந்தப் பிள்ளை ஐயோ என்று அலறினார். துள்ளி எழுந்ததில் மழைக்கோட்டு விலகினால் உள்ளே போலீஸ் சீருடை! எதிர்க் கடையில் பைக் திருடு போனதை விசாரிக்க வந்தவராம். அவர் வயர்லெஸ்ஸில் கத்த, ஜீப் வந்து, கையில் சீப்போடு அப்பாவை அப்படியே ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சாயங்காலம் ஜாமீனில் வந்தார். நான் ஆடிப்போய் உட்கார்ந்திருக்கிறேன், இந்த மனுஷன் வந்ததும் வராததுமாக "கடையைப் பூட்டினியா?" என்கிறார்.

நாங்கள் வைத்த வக்கீலம்மா தண்டனைக் கணக்கைச் சொன்னபோதுதான் விஷயம் எவ்வளவு பெரிது என்று எனக்குப் புரிந்தது. பணியில் இருக்கிற போலீஸ்காரரைத் தள்ளினாலே குற்றம், காயப்படுத்தினால் ஐந்து வருஷம் வரை உள்ளே, ஆயுதம் வைத்திருந்தால் இன்னும் கூடுமாம். அப்பாவின் சட்டைப் பையில் கத்தரிக்கோல் இருந்ததே! முடி வெட்டுகிறவர் பையில் பின்னே என்ன பூச்செண்டா இருக்கும் என்று கேட்டேன், அதைக் கோர்ட்டில் சொல்லாதீர்கள் என்றார் அந்தம்மா. குற்றத்தை ஒத்துக்கொண்டால் அபராதத்தோடு போய்விடும், ஆனால் போலீஸைத் தாக்கியவர் என்று பதிவாகிவிடும், நீ இருக்கிற நாட்டுக்கு விசா கிடைக்காது, பிரசவத்துக்கு அப்பா வரவே முடியாது. வழக்காடித் தோற்றாலோ ஜெயில். ஒத்துக்கொண்டு தொலையுங்கள் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். "நான் அடிக்கல, பேரப்பிள்ளையப் பாக்காம இருக்கவும் மாட்டேன்" என்று ஒற்றைக் காலில் நின்றார். ஜெயிலுக்குள்ளிருந்து எப்படிப் பார்ப்பீர்கள் என்று கத்தினேன். அதோடு வீட்டில் சாப்பாடு உண்டு, பேச்சு கிடையாது என்று ஆகிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் போலீஸ்காரத் தம்பியிடம் மன்னிப்பு என்று வாயைத் திறக்கவே கூடாது, அது குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி, சாட்சியைக் கலைத்த மாதிரியும் ஆகிவிடும் என்று வக்கீலம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளையோ கழுத்தில் பட்டை கட்டிக்கொண்டு தினமும் நம் தெருமுனையில் நிற்கிறது. அப்பா அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் பின்சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனார். என்னோடு பேசாத மனுஷன், காய்கறி வாங்கிவிட்டு நான் உள்ளே நுழைந்ததும் அது ஒன்றை மட்டும் கேட்பார், "அந்தத் தம்பி பட்டையக் கழட்டிட்டாரா?"

நேற்று கோர்ட்டில் அந்தத் தம்பி சாட்சிக் கூண்டில் ஏறினார், இன்ஸ்பெக்டர் பின்னால் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா கையை வைக்கும் முன் ஏதாவது சொன்னாரா என்று வக்கீலம்மா கேட்டார். தம்பி திரும்பி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். என் உயிர் என்னிடத்தில் இல்லை பாப்பா. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ராத்திரி தூங்கலையா தம்பி, கழுத்த லூசா விடுங்கன்னு சொன்னாருங்க" என்றார். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று நீதிபதி கேட்டதற்கு, யாரும் கேட்கவில்லை என்றார். விசாரிக்கப் போன இடத்தில் அந்த நாற்காலியில் ஏன் உட்கார்ந்தீர்கள் என்றதற்கு, "ராத்திரி டூட்டிங்க, ஒரு நிமிஷம் கண்ண மூடலாம்னு" என்று இழுத்தார். நீதிபதி ஃபைலால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார். தாக்க வருகிறவர் கழுத்தைத் தளர்த்தச் சொல்ல மாட்டார், விடுதலை, ஆனால் இனி யாராக இருந்தாலும் கேட்டுவிட்டுக் கை வையுங்கள் என்று தீர்ப்புச் சொன்னார்.

நான் பேச்சுவார்த்தை இல்லாததெல்லாம் மறந்து, ஏங்க என்று கூப்பிட்டேன். அப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக அந்தத் தம்பியை நோக்கிப் போனார். மறுபடியும் கையை வைத்துவிடுவாரோ என்று பயந்து இரண்டு போலீஸ்காரர்கள் குறுக்கே பாய்ந்தார்கள். அப்பா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, "தம்பி, அன்னிக்கே சொல்லணும்னு இருந்தேன், சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. ரொம்ப வலிச்சிருக்கும், மன்னிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி ஓவென்று அழுதார். ஜெயிலுக்குப் பயந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷன். அந்தத் தம்பி, "விடுங்கப்பா, இப்ப வலி இல்ல" என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். இவரைப் போய்த் திட்டினேனே என்று எனக்கும் அழுகை வந்துவிட்டது.

இன்று காலையிலேயே விசாவுக்குப் போட்டோ எடுக்கப் போய்விட்டார், தன் முடியைத் தானே வெட்டி ஒரு பக்கம் கோணலாக்கி வைத்திருக்கிறார். நீ சத்து மாத்திரையை மறக்காதே, கனமான எதையும் தூக்காதே. அந்த ஊரில் போலீஸ்காரர் யாராவது வழி கேட்டால்கூடக் கையைக் கட்டிக்கொண்டே பதில் சொல், நம் குடும்பத்துக்கு ஒன்று போதும். நல்லபடியாகப் பிள்ளையைப் பெற்று, நீ நூறு வயசு நிறைவாக வாழ வேண்டும். மாப்பிள்ளையிடம் ஒன்று சொல்லி வை, நாங்கள் வந்த பிறகு அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூட வேண்டாம்.

உன்னைப் பார்க்கப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்
அம்மா