மதினி தைத்த மலைப் பை

மதினி,

போன வாரம் செம்பூர் ஸ்டேஷனுக்கு வெளியே குடை பழுதுபார்க்கிறவர் ஒரு ரெயின்கோட்டின் கிழிசலுக்கு ரப்பர் சொல்யூஷன் தடவிக்கொண்டிருந்தார். ஆபீஸ் விட்டு வந்துகொண்டிருந்த எனக்கு அந்த வாடை மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. பின்னால் வந்தவர் மோதிவிட்டு, "சலோ ஆன்ட்டி" என்று சலித்துக்கொண்டு போனார். என் கண்ணுக்குத் தெரிந்தது தாராவி வீட்டு மாடி அறை. தரையில் பாராசூட் துணியை விரித்துப்போட்டு, தையல் ஓடிய இடமெல்லாம் பிரஷ்ஷால் இந்தப் பசையைத்தான் தடவிக்கொண்டிருப்பீர்கள், மழை உள்ளே இறங்கக்கூடாது என்று.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் செல்வியின் போன். உங்கள் மகள் இப்போது வேலைக்குப் போகிறாள்.

"அத்தே, சனிக்கிழம லீவுதான? அம்மா போன அந்த மலைக்கு நாம போவோமா?"

போனைக் காதில் வைத்தபடி ஜன்னலுக்குப் போய் வானத்தைப் பார்த்தேன்.

நீங்கள் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது நான் காலேஜில் இருந்தேன். நமக்குள் பெரிய வயசு வித்தியாசம் கிடையாது. கீழே அண்ணனின் பை தைக்கும் பட்டறை, மேலே வீடு. சமையல் முடிந்ததும் நீங்களும் மெஷினில் உட்கார்ந்துவிடுவீர்கள். நாற்பதை ஒட்டி உங்களுக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். மாட்டுங்கா கோயில் வரைக்கும் போய் வந்து, போய் வந்து, உங்களுக்குச் சலித்துவிட்டது. "ஏளா கோமதி, இந்த ரோட்டுல மூச்சு விடவே முடியல. மலைக்குப் போற பொம்பளையள் கூட்டம் ஒண்ணு இருக்காம், வாரியா?" என்று கேட்டீர்கள். எனக்கு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரை எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும். உங்களோடு என்பதால்தான் வந்தேன்.

முதல் தடவை பட்டறையில் கிடந்த பெரிய டூர் பைகளை மாட்டிக்கொண்டு போனோம். வார் தோளை அறுத்தது. இறங்கும்போது என் கால் கட்டைவிரல் நகம் கறுத்துப்போனது. உங்களுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. திரும்பும் கசாரா லோக்கல் ரயிலில் பையை முறைத்துப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள்.

"இந்தப் பையத் தச்சவன் ஒருநாளும் இதத் தூக்கிப் பாத்திருக்க மாட்டான்."

"மதினி, தச்சது நம்ம பட்டறைலா."

"அதான் சொல்லுதேன்."

மறுநாளே அதைப் பிரித்துப் போட்டுவிட்டீர்கள். முதுகுப் பக்கமிருந்த அட்டையை உருவி எறிந்துவிட்டு, படுக்க விரிக்கிற ஃபோம் ஷீட்டையே மடித்து அங்கே செருகினீர்கள். ஜிப்புகள் போய் ஒரே ஒரு நாடா வந்தது. பாரம் தோளில் தொங்காமல் இடுப்பில் உட்காரும்படி அகலமான பட்டை வைத்தீர்கள். உள்ளே அரிசியைப் போட்டு என் முதுகில் மாட்டி, பட்டறைக்கும் மாடிக்கும் ஏறி இறங்கச் சொன்னீர்கள். "எங்க அறுக்கு? இங்கயா?" என்று கேட்டுச் சாக்குக்கட்டியால் கோடு போடுவீர்கள். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார். கடைசியில் வந்த பையை ஒரு விரலில் தூக்க முடிந்தது. போட்டிருக்கிறோம் என்பதையே மறந்து நடக்க முடிந்தது.

நான் அதில் என்னவெல்லாம் திணிப்பேன்! ஃபிளாஸ்க், ரெண்டு போர்வை, ரெண்டு டார்ச், எவர்சில்வர் டப்பா, தைலம். நீங்கள் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைப்பீர்கள். "இவ்வளவும் வேணும்னா அடுப்படியிலயே இருந்துருக்கலாம்லா." ஒன்றில் மட்டும் கை வைக்க விடமாட்டீர்கள். பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு மாற்றுத் துணியும் ஒரு ஜோடி சாக்ஸும். "இதக் கொறைக்கப்பிடாது. நனஞ்சு குளுர்ல கெடந்தம்னா, பை லேசா இருந்து என்னத்துக்கு?"

அந்த ஆடி மாத நாளைப் பற்றி நாம் அப்புறம் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. கூட்டத்தில் மற்றவர்கள் வரவில்லை, நாம் ரெண்டு பேர்தான். காலையில் அந்த ஓடையைக் கடந்தபோது கணுக்கால் அளவு தண்ணீர். அடியில் கிடந்த கூழாங்கல்கூடத் தெரிந்தது. மேலே ஏறி, மேகத்துக்குள் உட்கார்ந்து புளிச்சோறு தின்றோம். நல்ல மழை பிடித்தது. இறங்கி வந்தால், ஓடையைப் பார்ப்பதற்கு முன்னாலேயே சத்தம் வந்துவிட்டது. செங்கல் நிறத்தில் தண்ணீர் முழுக் கரைக்கும் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் பாறைகள் உருண்டு ஒன்றோடொன்று மோதின. அந்த மோதல் என் உள்ளங்காலில் அதிர்ந்தது. எனக்கு ஒன்றுக்கு வந்துவிடும் போலிருந்தது, மதினி. இதை உங்களிடம்கூடச் சொன்னதில்லை.

கரையில் மூன்று ஆண்கள் நின்றிருந்தார்கள். ஏதோ ஆபீஸ்காரர்கள். கையைக் கோத்துக்கொண்டு கடக்கப் பார்த்தார்கள். "ஆன்ட்டி, ஜல்தி ஆவோ! பானி பட் ரஹா ஹை!" என்று, தண்ணீர் ஏறுவதற்குள் வரச்சொல்லி ஒருவர் நம்மை நோக்கிக் கையை நீட்டினார். எனக்கும் அந்தக் கையைப் பிடித்துவிட வேண்டும் போலிருந்தது. இங்கே நிற்பதைவிட எதையாவது செய்துவிட்டால் போதும். ஒரு அடி வைத்தேன். என் பை பின்னால் இழுபட்டது. நீங்கள் வாரைப் பிடித்திருந்தீர்கள்.

"போவப்பிடாது."

"மதினி, தண்ணி இன்னும் கூடுச்சுன்னா?"

"கூடட்டும். மழ விட்டா அடங்கும். அடங்கலன்னா இங்கனயே இருப்போம். கூரைக்குத் துணி இருக்கு, மாத்துத் துணி இருக்கு. அதுக்குள்ள எறங்குனா ஒண்ணும் கெடயாது."

உங்கள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. வாரை மட்டும் விடவில்லை.

"மத் ஜாவோ பையா, பைட்டோ" என்று அவர்களையும் உட்காரச் சொன்னீர்கள். அவர்கள் சிரித்தார்கள். முன்னால் இறங்கிய தாடிக்காரர் முழங்கால் வரைக்கும்தான் போனார். தண்ணீர் காலை வாரிவிட்டது. கோத்த கைகள் பிய்ந்தன. தண்ணீருக்கு மேல் ஒரு பை தெரிந்தது, அப்புறம் ஒரு கை, அப்புறம் எதுவும் இல்லை. யாரோ கத்தினார்கள். ரொம்ப நேரம் கழித்துத்தான் அது நான் என்று தெரிந்தது. கீழே வளைவில், கரையிலிருந்து சாய்ந்த ஒரு மரத்தின் வேரில் அவர் மாட்டிக்கொண்டிருந்தார். மற்ற இருவரும் படுத்துக்கொண்டு அவரை இழுத்துப் போட்டார்கள். பை போய்விட்டது, ஒரு ஷூவும் போய்விட்டது.

நீங்கள் அதற்குள் நாம் ஊன்றி நடந்த தடிகள் ரெண்டையும் நட்டு, அந்தப் பாராசூட் துணியைக் கட்டிக் கூரை போட்டுவிட்டீர்கள். மரக்கிளைகள் வளைந்தாடிய காற்றில் அந்த லேசான துணி படபடவென்று அடித்துக்கொண்டு நின்றது. அதற்குள் ஐந்து பேர் ஒட்டி உட்கார்ந்தோம். ஃபோம் ஷீட்டை அவருக்குக் கீழே விரித்தீர்கள். ஈரத்தைக் கழற்றச் சொல்லி, பிளாஸ்டிக் கவரைப் பிரித்து, உங்கள் மஞ்சள் பூப்போட்ட நைட்டியை அவருக்குப் போட்டுவிட்டீர்கள். தாடியும் நைட்டியுமாக அவர் இருந்த கோலத்துக்கு வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அவர் உதடு நீலமாக இருந்தது. உடம்பு உதறிக்கொண்டே இருந்தது, பிறகு நின்றுவிட்டது. சரியாகிவிட்டது என்று நான் மூச்சு விட்டேன். நீங்கள் என் காதோரம் குனிந்தீர்கள்.

"நடுங்காம இருக்கது நல்லதில்லளா. எனக்குப் பயமா இருக்கு. இவன உறங்க விடப்பிடாது."

அவரைக் கூட்டாளிகள் இருவரும் ரெண்டு பக்கமும் கட்டிக்கொண்டார்கள். கருப்பட்டியைக் கடித்து உடைத்து அவர் வாயில் வைத்தீர்கள். வீடு எங்கே, வீட்டில் யார் யார் என்று உங்கள் உடைந்த ஹிந்தியில் கேட்டதையே கேட்டீர்கள். "காட்கோபர்" என்றார் அவர், நாக்குக் குழறி. எத்தனையாவது தடவையோ கேட்டபோது, "போல் தோ தியா, ஆன்ட்டி", சொல்லிவிட்டேனே என்று எரிந்து விழுந்தார். உடனே அவருக்கு மறுபடி நடுக்கம் எடுத்தது. நீங்கள் என் கையைப் பிடித்து இறுக்கினீர்கள். அப்போதுதான் நான் அழுதேன்.

மழை நின்றது. வெளிச்சம் போவதற்கு முன்னால் தண்ணீர் வடிந்தது. கிராமத்து ஆட்கள் அக்கரையில் கயிறோடு வந்துவிட்டார்கள். எல்லோரும் கடந்தோம். டிரெயினில் டீக்கப்பைப் பிடிக்க உங்களால் முடியவில்லை, மடியெல்லாம் சிந்தியது. "காதுக்குள்ள இன்னும் அந்தத் தண்ணி உருளுது கோமதி" என்றீர்கள். நீங்கள் என்னைவிடப் பயந்திருந்தீர்கள் என்பது எனக்கு அப்போது புரிந்தது. பயந்ததால்தான் உட்கார்ந்தீர்கள்.

அதற்கடுத்த மழைக்காலத்தில் நம் தெருவில் தண்ணீர் ஏறியது. எல்லா வருஷமும் ஏறுவதுதான். ரயில் ஓடவில்லை. பஸ்ஸும் இல்லை. துணி வாங்கப் போன நீங்கள் முழங்கால் தண்ணீரில் நடந்தே வீடு வந்தீர்கள். எல்லோரும்தான் நடந்தோம். குதிகாலில் ஒரு சின்ன வெடிப்பு இருந்தது உங்களுக்கு. சில நாளில் காய்ச்சல், சாதாரணக் காய்ச்சல் என்று கஷாயம் குடித்தீர்கள். கண் மஞ்சளானதும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தேங்கின தண்ணீரிலிருந்து தொற்றுகிற காய்ச்சல் என்றார்கள், சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது என்றார்கள். வார்டில் நீங்கள் என் விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்: "மலையில அந்தத் தண்ணியப் பாத்து எப்படிப் பயந்தோம். வாசல்ல கெடந்த தண்ணிக்குப் பயப்படணும்னு தோணவே இல்லயே." போர்வையை உங்கள் குதிகால் வரைக்கும் இழுத்துவிட்டேன். மறுநாள் நீங்கள் பேசவில்லை. அதற்கு மறுநாள் நீங்கள் இல்லை.

அதிலிருந்து எனக்கு எல்லாத் தண்ணீரும் பயம், மதினி. மழை நாளில் பிளாட்பாரத்தில் தேங்கியதைக்கூடச் சுற்றித்தான் போவேன். இதையெல்லாம் போனில் செல்வியிடம் எப்படிச் சொல்ல? "ஒங்கம்மா பை ஒனக்குச் சரியா இருக்காது, நீ உயரம்" என்றேன். "அப்ப சரி பண்ணுங்க" என்றாள். இடுப்புப் பட்டையைப் பிரித்து இறக்கித் தைத்துக் கொடுத்தேன்.

நேற்றுப் போனோம். அந்த ஓடையில் கணுக்கால் தண்ணீர்தான். தெளிந்த தண்ணீர். நான் கரையில் நின்றேன். செல்வி திரும்பிப் பார்த்தாள்.

"பயமா அத்தே?"

"ஆமா."

அவள் இழுக்கவில்லை. திரும்பி வந்து பக்கத்தில் நின்றாள். நான் வானத்தைப் பார்த்தேன், மலைமுகட்டைப் பார்த்தேன், தண்ணீரின் நிறத்தைப் பார்த்தேன். பிறகு இறங்கினேன். அக்கரையில் ஏறியதும் திரும்பி ஓடையை ஒருதரம் பார்த்துக்கொண்டேன்.

உச்சிக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது தூறல் போட்டது. மேற்கே கறுத்திருந்தது. "எறங்குவோம்" என்றேன்.

"அத்தே, தோ வந்துட்டு! இவ்வளவு தூரம் வந்துட்டுத் திரும்பணுமா? க்யா யார்..." என்று அலுத்துக்கொண்டாள்.

"எனக்குப் பயமா இருக்கு செல்வி. எறங்குவோம்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினாள். ஓடையில் அதே கணுக்கால் தண்ணீர்தான். பெரிய மழை வரவேயில்லை. டிரெயினில் கல்யாண் தாண்டியும் அவள் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். நான் தப்பாகத்தான் கணித்தேனோ என்னமோ. ஆனால் பயமாக இருக்கிறது என்று சொல்வதற்கு எனக்குக் கூச்சமாக இல்லை. முன்பெல்லாம் பயந்தால் யாராவது ஒரு கையைப் பிடித்துக்கொண்டு எங்கேயாவது ஓடியிருப்பேன். இப்போது வாயைத் திறந்து சொல்கிறேன், நின்று பார்க்கிறேன், வேண்டாமென்றால் திரும்புகிறேன். உங்களிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இதுதான்.

குர்லா வரும்போது செல்வி என் பக்கம் திரும்பினாள்.

"அம்மாவும் இப்படித்தான் பாதியில திருப்பிக் கூட்டிட்டு வருவாங்களா?"

"நெறைய தடவ."

பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள். "அடுத்த சனிக்கிழம வாரீங்களா?"

வாரேன் என்றேன், மதினி. பயந்துகொண்டேதான் சொன்னேன்.