இறக்கைகளுக்கு நடுவே என் முடி

அண்ணே,

நேற்று உங்கள் மகன் செந்தூலில் இருந்த உங்கள் வீட்டைக் காலி செய்துவிட்டு, நேரே கிள்ளானுக்கு என் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பிஸ்கட் டின். "அத்தை, அப்பாவோட ஏரோப்பிளேன். தூக்கிப் போட மனசு வரல" என்றான். மூடியைத் திறந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்களுக்கு இன்னும் திவசம்கூட வரவில்லை, போனவர்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு வருகிறது, என்ன செய்ய?

எழுபதுகளின் கடைசியில் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து அந்தப் பழைய காலத்துப் போர் விமானப் பொம்மையைத் துண்டு துண்டாக ஒட்டினீர்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இறக்கைகள், நடுவில் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள் வரவேண்டும். வாங்கிய பெட்டிக்குள் இறக்கை, சக்கரம், விமானி எல்லாம் இருந்தது. கம்பி மட்டும் இல்லை. தையல் நூல் கட்டிப் பார்த்தீர்கள், கயிறு மாதிரித் தடியாகத் தெரிந்தது. பிளாஸ்டிக்கை மெழுகுவர்த்தியில் காட்டி இழையாக இழுத்தீர்கள், அறுந்து போனது. அப்போதுதான் மேசையில் உதிர்ந்து கிடந்த என் முடியை எடுத்து இறக்கைகளுக்கு நடுவே பிடித்துக் காட்டினேன். யோசனையும் என்னுடையதுதான்.

எண்ணெய் பட்டால் பசை பிடிக்காது என்று எனக்குத் தலைக்கு எண்ணெய் வைக்க விடவில்லை நீங்கள். பரட்டைத் தலையோடு திரிகிறேன் என்று அம்மா என்னைத் திட்டித் தீர்த்தார்; பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் நீங்கள் வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு முடியாகப் பிடுங்கி, இறக்கையில் ஊசியால் போட்ட துளையில் கோத்து, விறைப்பாக இழுத்துப் பிடித்தது நான். பசை வைத்தது நீங்கள்.

கோலாலம்பூரில் ஒரு பேரங்காடியில் போட்டி. நடுவராக வந்த சீனர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, கம்பிக்கு என்ன நூல் என்று கேட்டார். பெட்டியைப் பிடித்துக்கொண்டு உங்கள் பின்னால்தான் நின்றேன். லண்டனிலிருந்து வரவழைத்த நூல் என்று இங்கிலீஷில் கூசாமல் சொன்னீர்கள். முதல் பரிசு. பஸ்ஸில் திரும்பும்போது ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "பொம்பளப் பிள்ள முடின்னு சொன்னா சிரிப்பாங்க லா" என்றீர்கள்.

வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்த லண்டன் நூல் கதைதான். காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு நான் உள்ளே போய்விடுவேன். ஒரு தடவையாவது என் பக்கம் கை காட்டியிருக்கலாம். கடைசியில் ஆஸ்பத்திரியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுகூட எதிர்பார்த்தேன். நீங்கள் டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னீர்கள்.

டின்னுக்குள் வர்ணம் உரிந்து, ஒரு சக்கரம் கழன்று கிடந்தது விமானம். கம்பிகள் மட்டும் அப்படியே இருந்தன, கறுப்பாக. உங்கள் மகன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தான்.

"இது என்ன நூல் அத்தை? இன்னும் தொய்யவே இல்ல."

"என் முடி" என்றேன்.

விமானத்தைப் பார்த்தான். பிறகு என் நரைத்த தலையைப் பார்த்தான். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அத்தை என்று டின்னை என் பக்கம் தள்ளினான். வைத்துக்கொண்டேன். உங்கள்மேல் உள்ள கோபமும் என்னிடமேதான் இருக்கிறது. ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்.

அவன் சிரிக்கவில்லை, அண்ணே.