அமாவாசைக்கு மாற்றிய பயணம்

நவம்பர் 3, திங்கள்
காலையிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. எங்கள் ஊர் உலு திராம் முழுக்க ஈர வாடை.

நார்வே பயணத்துக்கு டிக்கெட் போட்டாயிற்று. என் கணவருக்குக் கண் முழுசாகப் போவதற்குள் அந்த வடதுருவ ஒளியைப் பார்த்துவிட வேண்டும். அவர் வாய்விட்டுக் கேட்ட ஒரே ஆசை. தேதி குறித்தது அத்தை. மகன் அவ்வளவு தூரம் போவதென்றால் வளர்பிறையில்தான் கிளம்ப வேண்டுமாம். போய்ச் சேர்ந்ததும் பௌர்ணமி.

நவம்பர் 6, வியாழன்
டிராவல்ஸ் பெண் போனில் கத்தினாள். "அலமாக், அக்கா! ஃபுல் மூன்லயா போறீங்க? நிலா வெளிச்சத்துல அது மங்கிப் போயிடும் லா. நல்லா இருட்டா இருக்கணும்."

நல்ல நாள் பார்த்தே கெடுத்துக்கொண்டோம். எங்கள் வீட்டில்தான் இது நடக்கும்.

அத்தை முகம் தொங்கிவிட்டது. "அமாவாசையில யாராச்சும் கடல் தாண்டுவாங்களா?"

இவர் மெதுவாகச் சொன்னார். "அம்மா, என் கண்ணு இன்னும் எத்தனை நாளைக்குன்னு டாக்டருக்கே தெரியல. இருட்டுலயே போலாம்."

அத்தை பஞ்சாங்கத்தை மூடிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். ஜனவரி அமாவாசைக்கு மாற்றியாயிற்று.

நவம்பர் 17, திங்கள்
ஜொகூர் பாரு, கண் கிளினிக். பார்வை ஓரங்களிலிருந்து இன்னும் குறுகியிருக்கிறது. தெரிந்ததுதான். தெரியாத ஒன்றையும் டாக்டர் சொன்னார். இந்த நோயில் இருட்டில் பார்க்கும் பார்வைதான் முதலில் போகுமாம். "ராத்திரியில நடக்க முடியுதா?" இவர் முந்திக்கொண்டு, "ஓகேதான் டாக்டர்."

ஒரு வருடமாக இரவில் நான்தான் கார் ஓட்டுகிறேன். தூக்கம் வருகிறது என்பார். நம்பினேனே, முட்டாள். பயமாக இருக்கிறது.

வாங்க: கையுறை 2 ஜோடி, கம்பளி உள்ளாடை, தைலம். முறுக்கு (அத்தை சுடுகிறாராம்).

நவம்பர் 22, சனி
பொந்தியான் கடற்கரை. மீன் சாப்பிடலாம் என்று சொல்லித்தான் கூட்டிப் போனேன். இருட்டில் பார்வையைச் சோதிக்க என்று எப்படிச் சொல்வது?

சாப்பிட்டுவிட்டு, கடைகளைத் தாண்டி விளக்கில்லாத கடலோரம். என் தோளைப் பிடித்தபடியே வந்தார். "பனியில நடக்க இப்பவே பழகிக்கிறேன்" என்று சிரிப்பு வேறு.

நின்றோம். தலையைத் தூக்கிப் பார்த்தேன். வானம் பூராவும் மழை மேகம். ஒரு நட்சத்திரம்கூட இல்லை. வந்தது வீண், இன்னொரு நாள் வரலாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் இவரும் நிமிர்ந்து பார்த்தார். "பாரு லெட்சுமி, எவ்வளவு நட்சத்திரம்! இங்கயே இப்படின்னா அங்க எப்படி இருக்கும்?"

"ஆமாங்க," என்றேன். "நிறைய இருக்கு."