விபெக்கா துடைத்த துப்பாக்கி

ஸ்வென்போர்க், டென்மார்க்
3 மார்ச் 1997

அன்புள்ள ஃபெர்னான் அவர்களுக்கு,

நலம். நீங்களும் மகள் சோலாஞ்சும் நலந்தானே? என் கணவர் ஐனார் போய் ஆறு வாரம் ஆகிறது. அவர் படுக்கையில் இருந்த இரண்டு வருடமும் நீங்கள் வாரம் தவறாமல் எழுதினீர்கள். வலி தாங்காத நாளில்கூட, "ஹெர்ஸ்டால்லேர்ந்து ஏதாவது வந்துச்சா?" என்றுதான் முதலில் கேட்பார். இரண்டு கிழவர்கள் ஒரு துப்பாக்கித் திருகைப் பற்றி நான்கு பக்கம் சண்டை போடுவதை நான் வாசிக்க, அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு நான் உங்களுக்குக் கடமைப்பட்டவள்.

போவதற்கு முதல் நாள் சொன்னார்: "அந்த பெர்க்மன்-பயார்ட் கைத்துப்பாக்கியை ஃபெர்னானுக்குக் குடுத்துடு. அவன் ஊர்ல செஞ்சு நம்ம பட்டாளத்துக்கு வந்தது. முப்பது வருஷமா நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறான், பாவம்." போலீஸ் அனுமதி கிடைத்துவிட்டது. உரிமம் உள்ள வியாபாரி ஒருவர் அடுத்த வாரம் கொண்டுவருவார்.

உங்களுக்கு என் கையால் ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. ஐனார் இருந்தவரை அதைத் துடைக்கவே விடமாட்டார். மூன்று நாள் உட்கார்ந்து, இரும்பு நாரால் தேய்த்து, பாலிஷ் போட்டு, அந்தக் கறுப்பு முழுவதையும் எடுத்துவிட்டேன். இப்போது பார்த்தால் கண் கூசும்.

நன்றியுடன்,
விபெக்கா ஸ்கோவ்


ஹெர்ஸ்டால், பெல்ஜியம்
17 மார்ச் 1997

அன்பிற்குரிய விபெக்கா அம்மையாருக்கு,

பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. திறந்து பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே கண் கூசுகிறது. ஐனாருக்கும் உங்களுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

இங்கே மழை. முழங்கால் பழைய பாட்டையே பாடுகிறது. சோலாஞ் வணக்கம் சொல்லச் சொன்னாள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்; தபால்காரர் வெறுங்கையோடு வந்தால் எனக்கு அந்த வாரமே ஓடாது.

அன்புடன்,
ஃபெர்னான் லஹாய்


ஸ்வென்போர்க்
11 மே 1997

ஃபெர்னான் அவர்களுக்கு,

ஐனாரின் துப்பாக்கி சேகரிப்பாளர் சங்கத்து நண்பர் ப்ரெபென், ஐனார் விட்டுப்போன புத்தகங்களைப் பார்க்க நேற்று வந்தார். உங்களுக்கு நான் அனுப்பியதைப் பெருமையாகச் சொன்னேன். காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "அடக் கடவுளே, அது அழுக்கு இல்லம்மா! தொழிற்சாலையில போட்ட பூச்சு. எம்பத்தஞ்சு வருஷம் கெடாம இருந்தது. அந்த மாதிரி மிஞ்சினதை விரல் விட்டு எண்ணிடலாம். அதை உரிச்சுட்டா, மிச்சம் வெறும் இரும்புதான்" என்றார்.

ஐனார் ஏன் தொட விடவில்லை என்று இப்போதுதான் புரிகிறது. நாற்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் ஒரு தடவைகூட நான் கேட்கவில்லையே.

நீங்கள் ஏன் சொல்லவில்லை? என் மனம் நோகக்கூடாது என்று பொய் எழுதினீர்கள். நன்றி சொல்ல வந்தவள் உங்கள் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

விபெக்கா


ஹெர்ஸ்டால்
19 மே 1997

அன்புள்ள விபெக்கா,

எழுத வேண்டாம் என்றால் எழுதாமல் இருக்கிற ஆள் நானில்லை.

சரி, உண்மையைச் சொல்கிறேன். பெட்டியைத் திறந்தேன், மூடினேன், சமையலறையில் போய் உட்கார்ந்தேன். சோலாஞ் பயந்துபோய், "என்னப்பா, யாராவது செத்துட்டாங்களா?" என்றாள். "ஆமா, ஐனார்தான். ரெண்டாவது தடவை" என்றேன். உங்களைத் திட்டவும் செய்தேன், மன்னியுங்கள். ப்ரெபென் சொன்னது அத்தனையும் சரி.

ஒரு வாரம் கழித்து அதை அலமாரியில் வைக்கப் போனேன். வழக்கம்போலக் கையுறையைத் தேடினேன். அப்போதுதான் உறைத்தது: இனிக் கெடுவதற்கு என்ன இருக்கிறது? வெறுங்கையால் எடுத்தேன். நான் உங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஐனார் என் கையுறையைச் சோதித்துவிட்டுத்தான் பெட்டியையே திறப்பார். அவரும் வெறுங்கையால் தொட்டதில்லை, சுட்டதுமில்லை. கை வியர்வை பட்டுத் துருப்பிடிக்குமே, பூச்சில் கீறல் விழுமே என்ற பயம். "வெடிச்சா எப்படிடா கேக்கும்?" என்று பேசிப் பேசியே இரண்டு பேரும் கிழவர்களானோம்.

பழுதுபார்ப்பவரிடம் காட்டினேன். உள்ளே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றார். நேற்று, ஞாயிறு, எங்கள் சுடும் சங்கத்துக்கு எடுத்துப் போனேன். ஆறு குண்டு. இரண்டுதான் குறி அட்டையில் பட்டன. மற்றவை எங்கே போயின என்று கேட்காதீர்கள். ஈரத் துணியைக் கல்லில் ஓங்கி அடித்தது போல ஒரு சத்தம். அதிர்ச்சி தோள்வரை ஏறியது. எல்லோரும் பார்க்க அங்கேயே நின்று அழுதேன். உடனே ஐனாருக்கு எழுத வேண்டும் போலிருந்தது. அவர் இல்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

பூச்சோடு வந்திருந்தால் நானும் பூட்டி வைத்துக்கொண்டே செத்திருப்பேன். போன தடவை எழுதிய நன்றி பொய். இந்த நன்றி பொய்யில்லை.

இன்னொன்று. அதன் இடப்பக்கத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை துருவாகப் பதிந்திருக்கிறது. பெட்டியைத் திறந்த அன்றே இருந்தது; உங்களுடையதுதான், அதுவரை தொட்ட மற்றவர்கள் எல்லோரும் கையுறைக்காரர்கள். எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். அழிக்க மாட்டேன்.

என்றும் அன்புடன்,
ஃபெர்னான்


ஸ்வென்போர்க்
2 ஜூன் 1997

அன்புள்ள ஃபெர்னான்,

உங்கள் கடிதத்தை ஐனாரின் கல்லறைக்கு எடுத்துப் போய்ச் சத்தமாக வாசித்தேன். பக்கத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்த ஈரத் துணி வருகிற இடத்தை மட்டும் ஐனாருக்காக இரண்டு தடவை வாசித்தேன்.

எனக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும். 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை ரயிலில் வந்து, லியேஜில் இறங்கி உங்கள் ஊருக்கு வருகிறேன். சோலாஞ்சிடம் சொல்லிவிடுங்கள்; சாப்பாட்டுக்கு மெனக்கெட வேண்டாம், எங்கள் ஊர்க் கறுப்பு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் நானே கொண்டுவருகிறேன்.

உங்கள் மற்றத் துப்பாக்கிகளை மட்டும் நான் வருவதற்குள் பூட்டி வைத்துவிடுங்கள். கைப்பையில் பாலிஷ் டப்பா இருக்கிறது.

விபெக்கா