ரெண்டு நிமிஷ மெயில்

அன்புள்ள ஆமைக்கு,

எந்த மெயிலையும் நீ ஒரு ராத்திரி ஊறப்போட்டுத்தான் அனுப்புவ. "அது என்ன அழுக்குத் துணியாடி?"ன்னு நான் கிண்டல் பண்ணுவேன். "காலையில படிச்சா வேற மாதிரி தெரியும்டி"ன்னு சிரிப்ப.

திங்கட்கிழமை, பிரிண்ட் எடுக்க நான் கொடுத்த ஆய்வுக் கட்டுரை நம்ம ஹாஸ்டல் ரூம்ல உன் லேப்டாப்ல திறந்து கிடந்தது. பாதி வரி மாறியிருந்தது. எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. நீ குளிச்சிட்டு வர்றதுக்குள்ள, நீ அதைத் திருடிட்டன்னு துறைத்தலைவருக்கு மெயில் தட்டிவிட்டேன். ரெண்டே நிமிஷம்.

மறுநாள் காலையில உன் மெயில் வந்தது. "உன் கட்டுரையில கணக்கெல்லாம் தப்பு. திருத்தியிருக்கேன். கோவிச்சுக்குவியோன்னு நேத்தெல்லாம் யோசிச்சேன்டி."

உடனே துறைத்தலைவர்கிட்ட ஓடிப்போய் உண்மையைச் சொல்லியிருக்கணும். என்னைப் பத்தி என்ன நினைப்பாங்கன்னு யோசிச்சேன். மத்தியானம் உன்னைப் பரீட்சை ஹால்லேர்ந்து எழுப்பிக் கூட்டிட்டுப் போனாங்க. பின் பெஞ்சுலேர்ந்து பார்த்துட்டிருந்தேன். அப்பவும் யோசிச்சேன்.

இன்னிக்கு வெள்ளி. பத்து மணிக்கு உன் விசாரணை. துறைத்தலைவர் ரூம் வாசல்ல உட்கார்ந்துதான் இதை எழுதறேன். வாழ்க்கையில முதல் தடவையா நாலு நாள் நிதானமா இருந்திருக்கேன், அதுவும் இந்த விஷயத்துல.

மணி ஒன்பது ஐம்பத்தெட்டு. இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு.

உன்
அவசரக்குடுக்கை