பொண்டாட்டி வழிச் சாமி

பிப்ரவரி 9, ஞாயிறு

அழகுராஜாவின் அப்பா காசிமாயன் இன்று எங்கள் கல்யாணத்தைப் பேசி முடிக்க வந்திருந்தார். அலங்காநல்லூர் பக்கம் மேலக்கரைப்பட்டியிலிருந்து கே.கே. நகருக்கு, மடிப்புக் கலையாத வேட்டியோடு. அப்பா சும்மா இருப்பாரா? தன் தாத்தா சிவனாண்டி மதுரையிலிருந்து தனியாளாகப் போய்க் கோயம்புத்தூர் மில்லையே ஆட்டிவைத்த கதையை ஆரம்பித்துவிட்டார். மின்வாரியத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க ஆபீசில் சொன்ன கதை. இப்போது கேட்க ஆள் கிடைப்பதில்லை. முடிக்கும்போது, "அம்புட்டு வருசம் கோவையில இருந்தும் குலசாமிய விடலீங்க. ஆலடிக் கருப்புதான்" என்றார்.

காசிமாயன் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

அவர்களுக்கும் ஆலடிக் கருப்புதானாம். ஒரே குலசாமி என்றால் பங்காளி. பங்காளி என்றால் நானும் அழகுராஜாவும் அண்ணன் தங்கச்சி.

மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கமிஷன் கடை வைத்திருக்கும் அவன், கழுத்து வலி என்று என் கிளினிக்குக்கு வந்தவன். குலசாமி எது என்று கேட்டுவிட்டா பிசியோதெரபி செய்வார்கள்?

பிப்ரவரி 10

அழகுராஜா போன் பண்ணினான். என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் "ஆங்... நான்தான்" என்றான். யாரோ கடன்காரன் போல.

பிப்ரவரி 14, வெள்ளி

காதலர் தினம். மாட்டுத்தாவணி கமிஷன் கடையிலிருந்து ஒரு கூடை மல்லி வந்தது. அனுப்பியவர் அண்ணன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நேராக மேலக்கரைப்பட்டிக்கே போய்க் காசிமாயனைப் பார்த்தேன். மாமா என்று கூப்பிடுவதா, பெரியப்பா என்று கூப்பிடுவதா? "வணக்கம்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

சாமி பெயர் ஒன்றாக இருந்தால் வம்சமும் ஒன்றாகத்தான் இருக்கணுமா என்று கேட்டேன். கோபப்படவில்லை. "உங்க அப்பாவோட தாத்தா எந்த ஊர்லருந்து கெளம்பினாருன்னு கண்டுபிடிச்சுட்டு வாத்தா. எங்க ஊரு இல்லேன்னா நானே முன்னால நின்னு முடிச்சு வைக்கிறேன்" என்றார்.

அப்பாவிடம் எந்த ஊர் என்று கேட்டேன். "மதுரைதான்" என்கிறார். மதுரையில் எங்கே? "மதுரைன்னா மதுரைதான்." மில்லையே ஆட்டிவைத்தவருக்கு ஊர் பெயர் கிடையாது.

பிப்ரவரி 20

அப்பாவின் தகரப்பெட்டியில் சிவனாண்டியின் மில் கார்டு கிடைத்தது. த/பெ பேயாண்டி. ஊர்: மதுரை ஜில்லா. ஜில்லாவில் எத்தனை பேயாண்டி? நல்லாயிருக்கு.

பிப்ரவரி 25, செவ்வாய்

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறிக் கோவைக்குப் போய்விட்டு வந்தேன். மில் இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். ஆனால் பக்கத்துத் தொடக்கப்பள்ளி அப்படியே இருக்கிறது. என் தாத்தா, அதாவது சிவனாண்டியின் மகன், அங்கேதான் ஒன்றாம் வகுப்பு. தலைமையாசிரியை பீரோவைத் திறந்து பழைய சேர்க்கைப் பதிவேடுகளை என் முன்னால் வைத்தார். முதலில் தும்மல்தான் வந்தது. பிறகு 1938இல் தாத்தாவின் பெயர்.

சொந்த ஊர் என்ற கட்டத்தில், அச்சடித்த மாதிரி: மேலக்கரைப்பட்டி.

எதுக்கு அந்த வாத்தியார் அம்புட்டு அழகா எழுதி வச்சாரு? கொஞ்சம் கிறுக்கியிருக்கக் கூடாதா? பஸ்ஸுல வரும்போது அழுகையா வந்துச்சு. பக்கத்து சீட்டம்மா முறுக்கு குடுத்தாங்க. அதையும் தின்னுக்கிட்டே அழுதேன்.

பிப்ரவரி 26

காசிமாயனிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அப்புறம், "சரித்தா" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 8, சனி

கிளினிக்கில் இன்று கடைசி டோக்கன் காசிமாயன். முழங்கால் வலியாம். காலைத் தொட்டால் வலிக்கவில்லை என்கிறார். பத்து நிமிடம் சும்மா ஹீட் வைத்தேன். பிறகுதான் வந்த விஷயத்துக்கு வந்தார்.

ஒரு பங்காளி ஊரைவிட்டுப் போனால் அவனுடைய பங்கு நிலம் எங்கேயாவது நிற்கும், அதை வைத்து இன்றுவரை தகராறு இருக்கும். தங்கள் வகையறாவில் அப்படி ஒரு பங்கே கிடையாதே என்று இத்தனை நாளாக யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஆனால் கம்மாய்க்குக் கீழே ஒரு வயலுக்கு மஞ்சக்காணி என்று பெயராம். மஞ்சக்காணி என்றால் வீட்டுப் பெண்ணுக்கு எழுதிக்கொடுக்கும் நிலம்.

"எந்தப் பொண்ணுக்குக் குடுத்தாங்கன்னு எங்க வீட்டுல யாருக்கும் தெரியலத்தா. உழுதுக்கிட்டு மட்டும் இருக்கோம்" என்றார்.

முழங்கால் சரியாகிவிட்டதாம். கிளம்பினார்.

மார்ச் 10, திங்கள்

பதிவு அலுவலகத்தில் காசிமாயனும் நானும். வயலின் பழைய பத்திரத்துக்கு நகல் கேட்டு மனுப் போட்டோம். எழுதித் தந்தவர், "அப்பாவும் மகளுமா?" என்று கேட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேனாவைத் தேடினோம்.

ஏப்ரல் 2, புதன்

கிடைச்சிருச்சு.

1931. காசிமாயனுடைய தாத்தாவின் அப்பா மருது எழுதிக்கொடுத்தது. "என் குமாரத்தி அன்னக்கொடிக்கும், என் வீட்டோடிருந்து வெள்ளாமை பார்த்துவரும் என் மருமகப்பிள்ளை, வாடிப்பட்டிப் பக்கம் பேயாண்டி மகன் சிவனாண்டிக்கும்..."

நாங்கள் பங்காளியே இல்லை. பெண் வழி. சிவனாண்டி மேலக்கரைப்பட்டிக்கு வீட்டோட மாப்பிள்ளையாக வந்தவர். கோவைக்குப் போனபோது என் கொள்ளுப்பாட்டி அன்னக்கொடி தன் பிறந்த வீட்டுச் சாமியையும் கொண்டுபோயிருக்கிறாள். அப்படிப் பார்த்தால் அழகுராஜா எனக்கு முறை மாப்பிள்ளை. இனி அண்ணன் மல்லி அனுப்பத் தேவையில்லை.

காசிமாயன் பத்திரத்தை என்னை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். அப்புறம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீ வாங்கப் போனார்.

ஏப்ரல் 3

அப்பா மூஞ்சியைத் தூக்கிவைத்திருக்கிறார். "அது வேற சிவனாண்டி." அதே அன்னக்கொடியைக் கட்டிய வேற சிவனாண்டியா? "பத்திரம் எழுதுனவன் தப்பா எழுதியிருப்பான்."

அம்மாவுக்குத்தான் கொண்டாட்டம். "மூணு தலைமுறையா உங்க வீட்டு ஆம்பளைங்க பொண்டாட்டி சாமியத்தான் கும்பிட்டிருக்கீங்க. தெரிஞ்சிருந்தா நானும் எங்க அம்மா வீட்டுச் சாமியக் கொண்டாந்திருப்பேன்" என்று தாளித்துக்கொண்டே சொன்னாள்.

சிக்கல் என்னவென்றால், கோயிலில் பங்காளிகள் கூடியிருக்கும்போது அப்பாவே இதைச் சொல்ல வேண்டும். அவர்களுக்குப் பத்திரம் போதாது. வீட்டு ஆண்பிள்ளை வாயால் வரணும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்னும் அதே மூஞ்சி. கேலி பண்ணலாம் என்றுதான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"எங்கப்பாவும் அதே மில்லுலதான். எம்புட்டு அவமானப்பட்டாரு தெரியுமா? வீட்டுக்கு வந்து தாத்தாவோட இந்தக் கதையச் சொல்லித்தான் எங்களுக்குச் சோறு போடுவாரு. அதப் போயி நான் சபையில..."

எனக்குக் கேலி மறந்துவிட்டது. சிவனாண்டி ஏன் ஊரை விட்டார் என்று அப்போதுதான் தோன்றியது. எழுதிக்கொடுத்த வயலைக்கூட விட்டுவிட்டுப் போயிருக்கிறார். 'வீட்டோட மாப்பிள்ளை' என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்கப் பிடிக்காமல்தானோ? அப்பாவிடம் அதைச் சொன்னேன். "நடந்தே போயிருப்பாரு" என்றார் மெதுவாக. "கைப்பிள்ளையோட." இது புதுக் கதை. பழையதைவிட எனக்குப் பிடித்திருக்கிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஆலடிக் கருப்பு கோயில். அப்பா சட்டையைக் கழற்றி இடுப்பில் துண்டு கட்டி நின்றார். தொண்டையைக் கனைத்தார். திரும்பக் கனைத்தார். மில் கதையை ஆரம்பித்துவிடுவாரோ என்று நானும் அம்மாவும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டோம்.

"எங்க தாத்தா சிவனாண்டி இந்த ஊருக்கு வீட்டோட மாப்பிள்ளையா வந்தவரு. நாங்க அன்னக்கொடி வழி. பங்காளி இல்ல" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. காசிமாயன் எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்து, "அப்ப வாங்க மச்சான், இந்தப் பக்கம் உக்காருங்க" என்று மாமன் மச்சான்கள் இருந்த வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அப்பா காலை நீட்டித் தாராளமாக உட்கார்ந்துவிட்டார். கறி இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்.

ஜூன் 6, வெள்ளி

கல்யாணம். எழுத நேரமில்லை. கழுத்து வலி, இந்தத் தடவை எனக்கு. மாலை அம்புட்டு கனம், பூக்கடைக்காரரின் பெருமை.

ஜூன் 29, ஞாயிறு

மேலக்கரைப்பட்டியில் மழை. துணி எடுக்க ஓடும்போது அப்பாவிடமிருந்து போன். வாடிப்பட்டிப் பக்கம் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போயிருக்கிறார், பேயாண்டி வீட்டைத் தேடி. அங்கே ஒரு டீக்கடை. என்னிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே, கட் பண்ணாமல், வேறு யாரிடமோ பேச ஆரம்பித்துவிட்டார்.

"இங்கேருந்து மேலக்கரைப்பட்டிக்கு வீட்டோட மாப்பிள்ளையாப் போனாரே சிவனாண்டி... அவரு பேரன்ணே நான்."

யாரோ நாற்காலி இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. "நடந்தே போனவருண்ணே, கோயம்புத்தூருக்கு" என்று அப்பா தொடங்கினார். துணியெல்லாம் நனைந்துகொண்டிருந்தது. நான் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.