இடுப்பில் வைத்த கை

ஆகஸ்ட் 4

மாப்பிள்ளையின் அம்மா அவர்களுக்கு,

பெண்ணின் அம்மா எழுதுவது. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். முப்பது வருஷம் பேருந்து ஓட்டிய உடம்பு, அதற்கென்ன குறை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் பேச ஆரம்பித்தால் எனக்கு ‘ம்’ போடத்தான் நேரமிருக்கும். எழுதினால் முடிக்கும்வரை கேட்டுத்தானே ஆக வேண்டும்?

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் இடது விலாவில் சுருக் சுருக்கென்று குத்தியது. நாளெல்லாம் தையல் மிஷினில் குனிகிறவளுக்குப் பிடிப்பு வராமல் வேறென்ன வரும் என்று தைலத்தைப் போட்டுத் தேய்த்தேன். சனிக்கிழமை பார்த்தால், முதுகிலிருந்து மார்புக்குக் கீழே வரை, அளவு நாடாவைச் சுற்றிய மாதிரி, ஒரே பக்கம் சிவந்து கொப்புளம் கொப்புளமாய் நிற்கிறது. அக்கி என்றார் டாக்டர். சின்ன வயதில் வந்த அம்மை போகவே இல்லையாம். நரம்புக்குள் படுத்துத் தூங்கிவிட்டு, நமக்கு வயதானதும் எழுந்து வருமாம். இத்தனை வருஷம் வாடகை கொடுக்காமல் குடியிருந்திருக்கிறது, பாருங்கள்.

அவர் சொன்ன அடுத்த விஷயம்தான் தலையில் இடி. கொப்புளத்து நீர் பட்டால், அம்மையே வராதவர்களுக்கு அம்மை வரலாம். மாசமாக இருப்பவர்களுக்கும் பச்சைக் குழந்தைக்கும் அது ஆபத்து. எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை அந்தப் பக்கமே போகக் கூடாது என்றார். தெருப் பிள்ளைகளெல்லாம் அம்மையில் படுத்தபோது என் மகளுக்கு ஒரு பொட்டுகூட வரவில்லை என்று ஊரெல்லாம் பெருமையடித்தவள் நான். அந்தப் பெருமைதான் இப்போது வாசலில் குறுக்கே படுத்திருக்கிறது.

மாசக் கடைசியில் பிரசவம். முன்கூட்டியே வந்து கூட இருப்பதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். எனக்குப் பதிலாக நீங்கள் போய் இருங்கள். கடையில் அவசர வேலை, வர முடியாது என்று அவளிடம் சொல்லிவிட்டேன். உண்மை தெரிந்தால் வயிற்றைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுவாள். நீங்களும் மூச்சு விடக் கூடாது.

என் பேரக் குழந்தையை முதலில் தூக்கப்போவது நீங்கள். அதை நினைத்தால்தான் அக்கியைவிட அதிகமாக எரிகிறது. மறைப்பானேன்.

இப்படிக்கு,
பெண்ணின் அம்மா


ஆகஸ்ட் 7

சம்பந்தியம்மாவுக்கு,

நீங்கள் சொன்னதை முடியும்வரை கேட்டேன். இப்போது நீங்கள் கேளுங்கள்.

மாத்திரை ஆரம்பித்தாயிற்றா? கொப்புளம் கண்ட இரண்டு மூன்று நாளுக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். நடுவில் நிறுத்தாதீர்கள். தைலத்தைத் தூக்கிப் போடுங்கள். சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து மேலே போட்டால் எரிச்சல் அடங்கும். சொறியத் தோன்றினால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். அக்கி உடம்பைச் சுற்றி வந்து இரண்டு முனையும் முட்டினால் ஆள் அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டு யாராவது வருவார்கள். தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்புங்கள்.

நான் போகிறேன். ஆனால் மறைக்க மாட்டேன். மருமகளிடம் நேற்றே சொல்லிவிட்டேன். திட்டுவதென்றால் திட்டிக்கொள்ளுங்கள். நான் போன் செய்தபோதே அவள் அழுதுகொண்டுதான் இருந்தாள். “என்னைவிட அம்மாவுக்குக் கடை பெருசாப் போச்சா அத்தை?” என்றாள். அக்கி என்று சொன்னதும் அழுகை நின்றது. “நான் அங்க வரமாட்டேன். அம்மாவை நல்லாக் காய்ஞ்சிட்டு வரச் சொல்லுங்க, அதுவரைக்கும் உள்ள இருக்கறதை நான் பிடிச்சு வெச்சுக்கறேன்” என்றாள். பிடிவாதக்காரிதான், ஆனால் விவரமானவள். வளர்ப்பு அப்படி.

நோயை மறைத்தால் நோய் போகாது. பக்கத்தில் இருப்பவர்கள்தான் வேறு எதையாவது நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அது தெரியும்.

மாப்பிள்ளையின் அம்மா


ஆகஸ்ட் 10

சம்பந்தியம்மாவுக்கு,

உங்களைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். அதற்குள் மகள் போன் செய்து, “காஞ்சிட்டியா?” என்று கேட்டாள், ஏதோ கொடியில் போட்ட துணியிடம் கேட்கிற மாதிரி. சிரித்த சிரிப்பில் விலா போய்விட்டது. அதனால் பிழைத்தீர்கள்.

கடை நிறையத் துணி வைத்திருக்கிறேன். என் உடம்பில் பட ஒன்றுக்கும் யோக்கியதை இல்லை. இருப்பதிலேயே மெல்லிய சட்டையைப் போட்டாலும் மிளகாயை அரைத்துத் தடவியதுபோல் இருக்கிறது. கை விலாவில் உரசாமல் இருக்க, இடது கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டேதான் நடக்கிறேன். இன்று காலை கடையில் ஆளுயரக் கண்ணாடி முன்னால் அப்படி நின்றேன். கண்ணாடியில் தெரிந்தது நானில்லை, நீங்கள்!

ஓடிப்போய்க் கல்யாண ஆல்பத்தை எடுத்தேன். ஒரு படம் பாக்கியில்லாமல் எல்லாவற்றிலும் உங்கள் இடது கை இடுப்பில் இருக்கிறது. இரண்டு வருஷமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதைக் காட்டி, “மாப்பிள்ளையோட அம்மா நிக்கிற தோரணையைப் பாருங்க, டிக்கெட் எடுக்காதவனை நடுவழியில எறக்கிவிடற மாதிரி” என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கென்று என் கையால் ஒரு பட்டுச் சட்டை தைத்துக் கொடுத்தேனே. கழுத்துப் பட்டி மனசுக்குப் பிடிக்காமல் மூன்று தரம் பிரித்துத் தைத்தேன். நீங்களோ தொளதொளவென்று ஒரு பழைய பருத்திச் சட்டையில் வந்து நின்றீர்கள். தையற்காரி வீட்டுச் சம்பந்தம் இவர்களுக்கு மட்டமாகப் போய்விட்டது என்று அன்றிலிருந்து உங்களிடம் அளந்துதான் பேசினேன்.

அன்றைக்கு உங்களுக்கு அக்கி. சரிதானே?

தையற்காரச் சம்பந்தி


ஆகஸ்ட் 13

சம்பந்திக்கு,

சரிதான். இரண்டு வருஷம் ஆனாலும் கண்டுபிடித்துவிட்டீர்களே, கெட்டிக்காரி.

கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்னால் வந்தது. கொப்புளமெல்லாம் காய்ந்து உதிர்ந்த பிறகு, தாராளமாகப் போகலாம், யாருக்கும் ஒட்டாது என்று டாக்டரே சொன்னார். வலி மட்டும் உதிரவில்லை. வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும், அப்படி. எனக்கு மாசக்கணக்கில் இருந்தது. வெளியே ஒன்றும் தெரியாது. தோல்தான் ஆறிவிட்டதே, இன்னும் என்ன வலி என்பார்கள். உங்களிடமும் சொல்வார்கள். நம்பாதீர்கள், வலி நிஜம். நரம்பு வலிக்கென்று தனி மருந்து இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். குணமான பிறகு தடுப்பூசி எப்போது போடலாம் என்றும் கேளுங்கள். நான் எதையும் கேட்காமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பேர் தைரியமில்லை, தலைக்கனம்.

கல்யாணத்தன்று காலையில் உங்கள் சட்டையைப் போட்டேன். விலாவில் தையல் பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கழற்றித் தாளில் மடித்து வைத்துவிட்டேன். உங்களிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பத்துப் பேர் ஓடி வருவீர்கள். “பாவம், முடியாதவங்க” என்று கூட்டமே பார்க்கும். என் மகன் கல்யாணத்தில் நான் நின்றுகொண்டுதான் இருப்பேன் என்று முடிவு செய்தேன், கடைசிவரை நின்றேன். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான், போங்கள்.

இப்போதும் இறுக்கமாக ஏதாவது பட்டால் அந்த இடம் முறைக்கும். சட்டையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நான் யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லை. கேட்கிறேன்: இதை நான் போடுகிற மாதிரி ஆக்கித் தர முடியுமா?

நாளைக்குப் பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்புகிறேன். அங்கேயே அனுப்புங்கள்.

பேருந்துக்காரச் சம்பந்தி


ஆகஸ்ட் 18

சம்பந்திக்கு,

முடியுமா என்றா கேட்டீர்கள்? என்னிடமா?

கொப்புளமெல்லாம் காய்ந்து பொருக்கும் உதிர்ந்துவிட்டது. மிஷினில் உட்காரலாம் என்றார் டாக்டர். வெள்ளிக்கிழமை இன்னொரு தரம் பார்த்துவிட்டுப் பயணத்துக்கும் அனுப்புகிறாராம். வலி இருக்கிறது. மருந்து கேட்டு வாங்கிவிட்டேன்; பல்லைக் கடிக்க எனக்கு இருப்பதே நாலு பல்.

சட்டையின் இடப்பக்கத் தையலை முழுக்கப் பிரித்து, மடிப்பெல்லாம் வெளியே வருகிற மாதிரித் தைத்திருக்கிறேன். உள்ளே, பலமுறை துவைத்து மெத்தென்றான வெள்ளைப் பருத்தி வைத்திருக்கிறேன். ஒரு நூல் முனைகூட உங்கள் மேல் படாது. என் கடையிலிருந்து தையல் வெளியே தெரிகிற மாதிரி ஒரு துணி இதுவரை போனதில்லை. இது போகிறது. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிப்புக்குப் பயந்தால் திரும்பவும் அலமாரியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். நினைத்துக்கொள்வேன், சும்மா சொன்னேன்.

என் மகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை வரை அதைப் பிடித்து வைத்திருக்கச் சொல்லுங்கள்.

தையற்காரச் சம்பந்தி


ஆகஸ்ட் 21

பாட்டிக்கு, பாட்டி எழுதுவது.

நேற்று மதியம் பேத்தி பிறந்தாள். வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க அவளுக்குப் பொறுமை இல்லை. யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று நீங்களே சொல்லுங்கள். தாயும் பிள்ளையும் சுகம். அதையெல்லாம் மகள் போனில் சொல்லியிருப்பாள். அவளுக்குத் தெரியாததை மட்டும் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் பட்டுச் சட்டையில்தான் போனேன். வாசலிலேயே நர்ஸ் பிடித்துக்கொண்டாள். “அவசரத்துல சட்டையைத் திருப்பிப் போட்டுட்டு வந்துட்டீங்க அம்மா. உள்ள போய் மாத்திக்குங்க” என்று காதோடு சொன்னாள். நான் காதோடு பதில் சொல்லவில்லை. “நல்லாப் பாரும்மா. திருப்பிப் போடலை. இது எனக்குன்னு என் சம்பந்தி தைச்சது. இப்படித் தைக்க வேற யாருக்கும் தெரியாது” என்றேன். என் குரல் உங்களுக்குத் தெரியும். அந்த மாடி முழுக்கக் கேட்டிருக்கும்.

வெள்ளிக்கிழமை டாக்டர் சரியென்றதும் அடுத்த வண்டியைப் பிடியுங்கள். பின்சக்கரத்துக்கு மேலே உட்காராதீர்கள், குலுக்கிவிடும். நடுவில், இடப்பக்கச் சன்னலோரம் இடம் பிடியுங்கள். அந்த விலாவை யாரும் இடிக்க முடியாது. நிலையத்தில் நான் நிற்பேன். நாற்காலி கொண்டுவருவேன், நீங்கள் மறுக்கக் கூடாது.

முதலில் தூக்கியது நான்தான். பொய் சொல்ல மாட்டேன். இரண்டு வருஷமாக எதுவும் படவிடாமல் காத்துவந்த இடது பக்கத்தில்தான் வாங்கிச் சாய்த்துக்கொண்டேன். வலிக்கவில்லை. குழந்தை தலையைத் திருப்பிக் கன்னத்தை வைத்துக்கொண்டது என் தோலில் இல்லை, நீங்கள் மூன்று தரம் பிரித்துத் தைத்த கழுத்துப் பட்டியில். ஆக, என்னை முந்திக்கொண்டுவிட்டீர்கள், சந்தோஷமா?

மகன் போட்டோ எடுத்தான். இத்துடன் வைத்திருக்கிறேன், ஆல்பத்தில் ஒட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுங்கள். என் இடது கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

உங்கள்,
சம்பந்தி